கோரேகாவா, ஃபோர்ட்டா, கையெழுத்து மட்டுமா? ஆர்டிகிள்ஷிப் தேர்வு பற்றி

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். எனக்கு வயது 21. அஞ்சல்வழியில் பி.காம். முடித்தேன். சி.ஏ. இன்டரில் இரண்டு க்ரூப்பும் பாஸ் செய்துவிட்டேன். ஐ.டி. பயிற்சி, ஓரியன்டேஷன் இரண்டும் முடிந்தன. ஆர்டிகிள்ஷிப்புக்கு, அதாவது ஆடிட்டரிடம் செய்ய வேண்டிய கட்டாயப் பயிற்சிக்கு, மூன்று இடம் வந்திருக்கிறது. கோரேகாவில் ஒரு பெரிய நிறுவனம் நல்ல ஸ்டைபெண்ட் (மாத உதவித்தொகை) தருகிறது, ஆனால் ஒரே பிரிவில்தான் இரண்டு வருடமும். ஃபோர்ட்டில் ஐந்து பார்ட்னர்கள் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகம் அதில் பாதி தருகிறது. மூன்றாவது, மாமாவுக்குத் தெரிந்த ஆடிட்டர். "பேப்பரில் என்னிடம் சேர்ந்துகொள், வீட்டில் இருந்து ஃபைனலுக்குப் படி" என்கிறார். மாமா அதையே எடுக்கச் சொல்கிறார். எனக்கு இந்தி சரளம், ஆங்கிலம் தயக்கம். என்ன செய்யட்டும்?

பதில்: மாமா சொல்லும் இடத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். வேலைக்கு வராமல் பேப்பரில் மட்டும் ஆர்டிகிளாக (பயிற்சி மாணவராக) இருப்பது சி.ஏ. இன்ஸ்டிடியூட் விதிகளின்படி ஒழுங்கீனம். பிடிபட்டால் உங்கள் பயிற்சிக் காலம் கணக்கில் வராமல் போகலாம், கையெழுத்திட்டவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவார். ஸ்டைபெண்டை வங்கிக் கணக்கு வழியாகவோ அக்கவுண்ட் பேயீ காசோலையாகவோதான் தர வேண்டும் என்பது விதி. அதனால் இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் கணக்கில் பணம் போட்டு, அதை ரொக்கமாகத் திருப்பிக் கேட்பது வழக்கம். சேர்ப்பதற்கென்று மாணவரிடம் பணம் வாங்கவும் விதி இடம் தரவில்லை. யாராவது கேட்டால் அந்த வாசலுக்கே போகாதீர்கள்.

பிடிபடாமலே தப்பித்தாலும் இடி வேறு பக்கத்திலிருந்து விழும். ஃபைனல் பாஸ் செய்த பிறகு வேலைக்கான இன்டர்வியூவில் முதல் பத்து நிமிடம் ஆர்டிகிள்ஷிப்பைத் தோண்டித்தான் கேட்பார்கள். "ஸ்டாக் ஆடிட் போனீர்களா? கட்-ஆஃப் (எந்த வரவுசெலவு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பது) எப்படிப் பார்த்தீர்கள்?" என்ற கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து படித்தவரிடம் பதில் இருக்காது. ஃபைனல் ஆடிட் தாளிலும் கேஸ் ஸ்டடி தாளிலும் கேட்கப்படுவது அலுவலகத்தில் நடப்பதுதான். மாமா நல்லது நினைத்துச் சொல்கிறார். மூன்று வருடப் பயிற்சி இருந்த காலத்துப் பழக்கம் அவர் மனதில் இருக்கக்கூடும். 2023 ஜூலை 1 முதல் வந்த புதிய திட்டத்தில் பயிற்சி இரண்டே வருடம். வேலை கற்க இருக்கும் காலமே சுருங்கிவிட்டது. அதையும் வீட்டில் கழிப்பதில் அர்த்தமில்லை.

மீதி இரண்டில் என் பரிந்துரை ஃபோர்ட். ஆனால் கீழே சொல்லும் கேள்விகளுக்கு அவர்கள் தரும் பதிலைப் பொறுத்து அது மாறலாம்.

பெரிய நிறுவனத்தின் பெயர் பயோடேட்டாவில் எடுபடும், மறுக்கவில்லை. அங்கே முறையான பயிற்சி உண்டு, ஆடிட் மென்பொருள் உண்டு, வொர்க்கிங் பேப்பர்களை (என்ன சோதித்தோம் என்று எழுதிவைக்கும் ஆடிட் குறிப்புகளை) ஒழுங்காக எழுதும் பழக்கம் வரும். ஆனால் ஒரே பிரிவில் இரண்டு வருடம் என்றால், ஒரு பெரிய கம்பெனியின் நிலையான சொத்துகளையோ சம்பளச் செலவையோ மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டி வரலாம். கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முழுதாக ஒருமுறைகூடப் பார்க்காமலே பயிற்சி முடியலாம். பெரிய நிறுவனத்தில் ஆடிட் வேலைதான் செய்யப்போகிறேன் என்று இப்போதே உறுதியாக இருப்பவருக்கு அது பாதகமில்லை. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. தவிர, பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் 9 முதல் 12 மாதம் தொழில் நிறுவனம் ஒன்றில் இண்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங் எடுக்கும் வழியும் இருக்கிறது. பெரிய பெயர் வேண்டுமென்றால் அப்போது முயலலாம்.

ஐந்து பார்ட்னர் அலுவலகத்தில் என்ன கிடைக்கும் என்பதை ஒரே ஒரு பில்லை வைத்துச் சொல்கிறேன். க்ளையண்ட் பிவண்டியில் குடோன் வைத்திருக்கும் வியாபாரி. லாரி வாடகை 28,000 ரூபாய்க்கு ஒரு வவுச்சர். உங்களிடம் தந்து "வவுச்சிங் பண்ணு", அதாவது ஆதாரத்தோடு சரிபார், என்பார்கள். பில்லும் வவுச்சரும் ஒத்துப்போகிறதா என்று டிக் அடித்துவிட்டுப் போனால் நீங்கள் கற்றது ஒன்றுமில்லை. பில் க்ளையண்ட் பெயரில்தான் இருக்கிறதா, சொந்தக்காரரின் இன்னொரு கம்பெனி பெயரிலா? ரொக்கமாகக் கொடுத்தார்களா? ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. ஆனால் சரக்கு வண்டி வாடகைக்கு அந்த வரம்பு 35,000. ஆக இந்த 28,000 தப்பும். அதே தொகை பெயிண்டருக்குக் கொடுத்ததாக இருந்தால் தப்பாது. டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வரி, பிடித்தார்களா? ஒரே தவணையில் 30,000 அல்லது ஆண்டு மொத்தம் 1,00,000 தாண்டினால் பிடிக்க வேண்டும். லாரிக்காரரிடம் பத்து வண்டிக்கு மேல் இல்லை, பான் எண்ணோடு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால் வேண்டாம். அந்தக் கடிதம் ஃபைலில் இருக்கிறதா? ஜிஎஸ்டியில் இது ரிவர்ஸ் சார்ஜ் (சேவையைப் பெறுபவரே வரி கட்டுவது) ஆகுமா, க்ளையண்ட் கட்டியிருக்கிறாரா? கடைசியாகத் தேதி. பில் ஏப்ரல் 4, சரக்கு போனது மார்ச் 29 என்றால் செலவு போன வருடத்தைச் சேர்ந்தது. அதற்குப் போன வருடமே ஒதுக்கீடு செய்திருக்க வேண்டும்.

ஒரு பில்லில் இத்தனை சட்டம். பெரிய இடத்தில் இந்தக் கேள்விகளில் ஒன்றை ஒரு குழுவும் இன்னொன்றை வேறொரு குழுவும் பார்க்கும். நடுத்தர அலுவலகத்தில் எல்லாம் உங்கள் தலையில் விழும். (2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம். பிரிவு எண்கள் மாறிவிட்டன. சீனியர்கள் பழைய எண்ணிலேயே பேசுவார்கள், நீங்கள் இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.)

ஆனால் "நடுத்தர அலுவலகம்" என்ற பெயரில் இரண்டு வருடமும் ரிட்டர்ன் ஏற்றவைக்கும் இடங்களும் மும்பையில் நிறைய. மாதம் 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டு, 11-ல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ல் 3பி (மாத வரி ரிட்டர்ன்), மறுபடி 7-ஆம் தேதி. இதில் முதல் மூன்று மாதம் நன்றாகக் கற்பீர்கள், அதற்கப்புறம் கை மட்டும் வேலை செய்யும். ஃபோர்ட் அலுவலகம் அப்படிப்பட்டதா என்று கண்டுபிடிக்க, சேருவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

"நான் எழுதும் வொர்க்கிங் பேப்பரை யார் பார்ப்பார்கள்?" இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. "பெய்டு அசிஸ்டெண்ட் (சம்பள உதவியாளர்) பார்ப்பார், பிறகு பார்ட்னர் பார்ப்பார், சந்தேகங்களை எழுதித் திருப்பித் தருவார்" என்றால் நல்ல இடம். "நீங்களே முடித்துக் கொடுத்துவிடுங்கள்" என்றால் அங்கே உங்களைத் திருத்த ஆளில்லை. தவறாகச் செய்தாலும் தெரியாது, அதுவே பழக்கமாகிவிடும். அடுத்து, கம்பெனி ஆடிட், டாக்ஸ் ஆடிட், வங்கிக் கிளை ஆடிட் மூன்றும் வருகிறதா என்று கேளுங்கள். வங்கிக் கிளை ஆடிட் ஏப்ரலில் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் கடன் கணக்கு எப்போது வாராக்கடன் ஆகிறது, ஸ்டாக் ஸ்டேட்மெண்டிலிருந்து ட்ராயிங் பவரை (எவ்வளவு வரை கடன் எடுக்கலாம் என்ற வரம்பை) எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை அதைப்போல வேறெங்கும் கற்க முடியாது. வெளியூர் ஆடிட் உண்டா, ரயில், தங்கும் செலவு யார் தருவார்கள், வீடு திரும்ப இரவு எந்நேரம் ஆகும் என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். முடிந்தால் அங்கே இப்போது இருக்கும் ஓர் ஆர்டிகிளிடம் டீ குடிக்கும் நேரத்தில் தனியாகப் பேசிப் பாருங்கள். போன வருடம் எத்தனை பேர் பாதியில் மாற்றல் கேட்டார்கள் என்பது பார்ட்னர் வாயிலிருந்து வராது.

ஸ்டைபெண்டைப் பற்றிச் சுருக்கமாக. இன்ஸ்டிடியூட் நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்சத் தொகை மும்பைச் செலவுக்குப் போதாது என்பது ஊரறிந்தது. பல அலுவலகங்கள் அதைவிடக் கூடுதலாகத்தான் தருகின்றன. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் நேராக சி.எஸ்.எம்.டி. வந்து ஃபோர்ட்டுக்கு நடந்துவிடலாம். கோரேகாவுக்கு வடாலா ரோட்டில் வண்டி மாற வேண்டும், காலை நெரிசலில் நேரமும் அதிகம். கோரேகாவின் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி அந்த நேரத்துக்கான கூலிதான். அப்பா வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ள முடிகிறது என்றால் பாதி ஸ்டைபெண்டுக்காகக் கவலைப்பட வேண்டாம். வீட்டுக்கே உங்கள் பணம் வேண்டும் என்ற நிலை இருந்தால் கோரேகாவ் தவறான முடிவு அல்ல. அதை நீங்கள் எழுதவில்லை, அதனால் நானும் ஊகிக்கவில்லை.

இனி பேப்பர் வேலை. மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

உங்களைப் பதிவு செய்வது அலுவலகத்தின் பெயரில் அல்ல, ஒரு குறிப்பிட்ட பார்ட்னரின் பெயரில். அவர்தான் உங்கள் பிரின்சிபல். அவருக்கு ஆர்டிகிள் இடம் காலி இருக்க வேண்டும், ப்ராக்டிஸ் சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும். ஐந்து பேரில் யார் உங்கள் பிரின்சிபல் என்று முதல் நாளே கேளுங்கள். அவர் அலுவலகத்தை விட்டுப் போனால் உங்கள் பதிவும் குழப்பத்தில் மாட்டும். ஓய்வுபெறும் வயதில் இருப்பவர், வேறு அலுவலகம் தொடங்கப்போவதாகப் பேச்சு அடிபடுபவர் என்றால் வேறு பார்ட்னர் பெயரில் போடச் சொல்லலாம். கேட்பதில் தவறில்லை.

பயிற்சி ஒப்பந்தம் படிவம் 102. அதை முத்திரைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பதிவு விண்ணப்பம் படிவம் 103. இது இன்ஸ்டிடியூட்டின் சுயசேவைப் போர்ட்டலில் நீங்கள் தொடங்கி, பிரின்சிபல் ஒப்புதல் தந்து முடிவது. சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போக வேண்டும், தாண்டினால் தாமதக் கட்டணம் கட்டி மன்னிப்புக் கோர வேண்டும். "சேர்ந்துவிட்டோமே, பிறகு பார்க்கலாம்" என்று மாணவரும், "பையன் போட்டிருப்பான்" என்று பார்ட்னரும் இருந்து 30 நாள் போவது அடிக்கடி நடக்கிறது. முத்திரைத் தாளை வாங்கிய தேதி ஒப்பந்தத் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் அதுவும் திரும்பி வரும். எனவே முத்திரைத் தாளைச் சேருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். எத்தனை ரூபாய்த் தாள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மகாராஷ்டிராவுக்கு இப்போது என்ன என்று பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள இன்ஸ்டிடியூட் அலுவலகத்திலோ, உங்களுக்கு முந்திச் சேர்ந்தவரிடமோ கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் முன்னால் ஒற்றை எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் கடைசியில். பான் கார்டில் அப்பா பெயர் நடுவில், தாத்தா பெயர் கடைசியில். மகாராஷ்டிராவில் எந்த விண்ணப்பம் போட்டாலும் சர்நேம் கேட்பார்கள். ஆளுக்கொரு விதமாக நிரப்பி வைத்திருப்போம். இன்டர் மதிப்பெண் பட்டியல், போர்ட்டலில் உள்ள பெயர், ஆதார், பான், வங்கிக் கணக்கு ஐந்தையும் ஒரு மேசையில் பரப்பிப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை என்றால், படிவம் 103 போடுவதற்கு முன் திருத்தம் கேளுங்கள். பின்னால் மெம்பர்ஷிப் வாங்கும்போது இதைத் தீர்க்க முனைந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

விடுப்பு புதிய திட்டத்தில் ஆண்டுக்கு 12 நாள்தான். "எங்கள் ஆர்டிகிள்களுக்கு ஒன்றரை மாதம் படிப்பு விடுப்பு தருவோம்" என்று சில அலுவலகங்கள் தாராளம் காட்டும். அவர்கள் தரலாம். ஆனால் கூடுதலாக எடுத்த நாள்கள் பயிற்சிக் காலத்தின் வாலில் சேரும். இது ஏன் முக்கியம் என்றால், பயிற்சி முடிந்து ஆறு மாதம் ஆன பிறகே ஃபைனல் எழுத முடியும். தகுதித் தேதியை நான்கு நாள் தாண்டிப் பயிற்சி முடிந்தாலும் அந்தத் தேர்வு போய்விட்டது, அடுத்த தேர்வுக்குச் சில மாதம் சும்மா காத்திருக்க வேண்டும். ஆகவே நீங்கள் எழுத நினைக்கும் ஃபைனல் தேர்வை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து ஆறு மாதமும் இரண்டு வருடமும் பின்னோக்கி எண்ணி, சேரும் தேதியை வையுங்கள். அடுத்த திங்கள் நல்ல நாளாக இருக்கிறது, அன்று சேரலாம் என்று வீட்டில் சொன்னால், அந்த எண்ணிக்கையை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 35 மணி நேர வேலை என்பது விதி. செப்டம்பர் டாக்ஸ் ஆடிட் காலத்தில் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை, அதுவும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டு வருடத்தில் இடையே இன்டர் மாதிரிப் பெரிய தேர்வு ஏதும் இல்லாததால் படிப்பைத் தள்ளிப்போடுவது எளிது. சுயமாகப் படித்து ஆன்லைனில் எழுத வேண்டிய நான்கு தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் வேண்டும், ஃபைனலுக்கு முன் முடித்தாக வேண்டும். இவற்றில் கட்டாயமான இரண்டும், அதாவது பொருளாதாரச் சட்டங்கள், செலவு மேலாண்மை, முதல் வருடத்திலேயே போகட்டும். ஃபைனல் பாடங்களில் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்கையும் ஃபைனான்ஷியல் மேனேஜ்மெண்டையும் மெல்லத் தொடங்குங்கள். அவை கணக்குப் போட்டுப் போட்டுப் பழக வேண்டியவை, இரண்டு வருடத்தில் பெரிதாக மாறாதவை. வரிப் பாடங்களை இப்போது தொடாதீர்கள். நீங்கள் எழுதும் தேர்வுக்கு எந்த ஆண்டின் சட்டம் என்பது அப்போதுதான் தெரியும், இன்று படித்தது பாதி பழசாகியிருக்கும். வரியை அலுவலகத்தில் கற்றால் இப்போதைக்குப் போதும். இன்னொன்று, ஃபைனலுக்கு முன் அட்வான்ஸ்டு ஐ.டி., மேனேஜ்மெண்ட் வகுப்புகளுக்கு இடம் பிடிக்க வேண்டும். மும்பையில் அவை சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

சேருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியது எக்ஸெல். வி-லுக்அப் அல்லது எக்ஸ்-லுக்அப், சம்-இஃப்ஸ், பைவட், டெக்ஸ்ட்-டு-காலம்ஸ். இவ்வளவு போதும். இவற்றின் தேவை ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) ஒப்பிடும்போது தெரியும். டேலி கணக்கு மென்பொருளில் உள்ள கொள்முதல் பதிவேட்டையும் 2பி பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். 2பியில் வராத பில்லுக்கு இன்புட் கிரெடிட் (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. டேலியில் பில் எண்ணை "234" என்று போட்டிருப்பார்கள், சப்ளையர் "234/24-25" என்று ஏற்றியிருப்பார். லுக்அப் இரண்டையும் வேறு பில் என்றே சொல்லும். புதியவர்கள் அதை அப்படியே "பொருந்தாதவை" என்று பட்டியலிட்டு அனுப்புவார்கள். க்ளையண்டின் அக்கவுண்டண்ட் ஒன்றைப் பார்த்துவிட்டு மீதியை நம்பமாட்டார். ஜிஎஸ்டி எண், தொகை இரண்டையும் சேர்த்து ஒரு சாவி (பொருத்துவதற்கான அடையாளம்) உண்டாக்கி முதலில் பொருத்துங்கள், பிறகு மிஞ்சியதைக் கண்ணால் பாருங்கள். பட்டியல் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

மார்ச் 31 அன்று ஸ்டாக் எண்ணப் போனால் பட்டியலிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து பட்டியலுக்கும் இரண்டு பக்கமும் பாருங்கள். முதலாவதில் இல்லாத சரக்கைக் காட்டியிருப்பது தெரியும், இரண்டாவதில் இருக்கும் சரக்கை மறைத்திருப்பது தெரியும். குடோனை விட்டுக் கிளம்பும் முன் கடைசி உள்வரவுச் சீட்டு எண்ணையும் கடைசி வெளியனுப்புச் சீட்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு ஜூலையில் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

செய்த வேலையை இன்ஸ்டிடியூட்டின் இ-டைரியில் உடனுக்குடன் பதியுங்கள். "ஆடிட் வேலை" என்று மொட்டையாக எழுதாமல், எந்தத் தொழில், எந்தக் கணக்கு, என்ன சோதித்தீர்கள் என்று இரண்டு வரி. க்ளையண்ட் பெயரையும் தொகைகளையும் உங்கள் சொந்தக் குறிப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள், அது ரகசியம் காக்கும் கடமையில் வரும். பின்னால் பயோடேட்டா எழுதும்போது இந்தப் பதிவுகள்தான் கைகொடுக்கும்.

ஆங்கிலத்துக்காக இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம். மஸ்ஜித் பந்தரிலும் கால்பாதேவியிலும் உள்ள க்ளையண்ட் அலுவலகங்களில் பேச்சு இந்தி, குஜராத்தி, மராட்டி. அங்கே உங்கள் இந்தி பலம். ஆங்கிலம் வேண்டியது வொர்க்கிங் பேப்பரிலும் மெயிலிலும். ஆடிட் கேள்வி ஒன்றில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: எந்த வவுச்சர், எந்தத் தேதி, எது இல்லை, எப்போதுக்குள் வேண்டும். போன வருட ஃபைலில் சீனியர் எழுதிய கேள்விகளைப் படித்து, அந்த வாக்கிய அமைப்பில் உங்கள் விவரத்தைப் போட்டு எழுதத் தொடங்குங்கள். மெயிலை அனுப்பும் முன் ஒருவரிடம் காட்டுங்கள். ஆறு மாதத்தில் காட்டத் தேவையிருக்காது.

கோரேகாவ் நிறுவனத்துக்கு இன்னும் பதில் தரவில்லை என்றால், பிரிவை ஒரு வருடத்தில் மாற்றித் தருவார்களா என்று ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். தருவோம் என்று எழுத்தில் பதில் வந்தால் நான் மேலே சொன்னதில் பாதி காரணம் விழுந்துவிடும், அப்போது பயண நேரத்தையும் ஸ்டைபெண்டையும் மட்டும் வைத்து முடிவெடுக்கலாம். "பிறகு பார்க்கலாம்" என்று வந்தால் ஃபோர்ட்டில் சேருங்கள்.